பெயருக்குள் ஒரு சாய்கோடு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

1. கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை, ஏஜென்ட் மூலம் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை நிரந்தரமாக்க முன்வந்தது. தேர்வானவர்களின் கைப்பேசிக்கு ஆளுக்கு ஒரு லிங்க் போனது. அதைத் திறந்து 'சம்மதம்' என்று அழுத்த வேண்டும். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

2. அந்த லிங்க் போய்ச் சேரும் கணினியைப் பராமரிப்பது நான் வேலை செய்யும் சிறு நிறுவனம். லிங்க் போவதற்கு முந்தைய வாரம் அதில் ஒரு மாற்றம் செய்தேன்.

3. மூன்று பெயர்களை வைத்துச் சோதித்தேன். மூன்றும் திறந்தன.

4. வியாழன் சாயங்காலம் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பத்மா அக்கா, தேர்வானவர்களில் ஒருவர், ஃபோனைக் கொண்டுவந்து, லிங்க் திறக்கவில்லை என்று காட்டினார். "எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள போவாங்கக்கா, நாளைக்குக் காலைல பாருங்க" என்றேன்.

5. கூலிம் இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நான் துணி துவைத்தேன். அம்மாவிடம் பேசினேன்.

6. ஞாயிறு காலை அலுவலகத்தில் சர்வரின் பதிவுகளைத் திறந்தேன். நாற்பத்தொரு பேர் வந்து, உள்ளே போக முடியாமல் திரும்பியிருந்தார்கள். நாற்பத்தொன்றும் தமிழ்ப் பெயர்கள்.

7. வெள்ளி ஐந்து மணி தாண்டியதும் அவர்களுடைய இடங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தானாகப் போய்விட்டிருந்தன. தானாகப் போகும்படி எழுதியதும் எங்கள் குழுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நான் மலேசியாவுக்கு வந்து மூன்று வருடம் நிறைந்தது. காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தேன்.

*

நான் அருப்புக்கோட்டைக்காரி. பெயர் சங்கீதா. பள்ளிக்கூடத்தில் பொ. சங்கீதா; பாஸ்போர்ட்டில் சங்கீதா பொன்னுச்சாமி. அலுவலகத்தில் பாதிப் பேர் என்னை 'மிஸ் பொன்னுச்சாமி' என்று கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் அப்பாவை யாரோ தேடி வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டது.

வந்த புதிதில் வங்கிக் கணக்கு தொடங்கப் போயிருந்தேன். துணைக்குப் பத்மா அக்கா வந்தார். கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "a/p இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, ஏ.பி. இல்ல. நான் தமிழ்நாடு" என்றேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஐயோ, ஆந்திராவான்னு யாரும் கேக்கல லா! அனாக் பெரம்புவான் மா. இன்னாரு மவள்னு எழுதறது."

இந்த நாட்டில் தமிழர்களின் அடையாள அட்டையில், பேச்சில் 'ஐசி', பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே இது நிற்கும். ஆணுக்கு a/l, பெண்ணுக்கு a/p. மலாயில் இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள். எங்கள் ஊர்ச் சான்றிதழ்களில் 'த/பெ' என்று போடுகிறோமே, அதே சங்கதி. ஆனால் நம் ஊரில் அது படிவத்தோடு நின்றுவிடும். இங்கே அது பெயருக்குள்ளேயே குடியேறிவிட்டது. சாய்கோட்டைச் சேர்த்தால்தான் முழுப் பெயர்.

அன்றிலிருந்து அக்காவுக்கு நான் 'ஆந்திரா'. "என்னா ஆந்திரா, பசியாறிட்டியா?" என்பதுதான் மூன்று வருடமாக எனக்குக் காலை வணக்கம். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு; 'லா' என்பது பேச்சின் கடைசியில் ஒட்டும் வெறும் அசை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும், அவருடன் வேலை செய்பவர்களுக்கும் அந்தப் பெயர்க் காரணம் தெரியும்.

ஆகவே அந்தச் சாய்கோட்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. என் பட்டப்பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

*

மாற்றம் என்னவென்று, கணினி தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

தொழிலாளர்களின் பட்டியலையும் சம்மதப் பக்கத்தையும் இயக்குவது ஜாவா சர்வர் என்கிற ஒரு மென்பொருள். அது இத்தனை நாளாக நேரடியாக வெளியுலகுக்குத் திறந்து கிடந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் அது கூடாது என்றார்கள். அதற்கு முன்னால் ஒரு வெப் சர்வரை நிறுத்த வேண்டும்; வருகிற கோரிக்கைகளை அது முதலில் வாங்கி, பூட்டுச் சாவியெல்லாம் சரிபார்த்து, பின்னாலிருக்கும் ஜாவா சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும். உலகம் முழுக்கச் செய்கிற வேலை. நானே பலமுறை செய்திருக்கிறேன்.

ஒவ்வொருவருடைய லிங்க்கிலும் அவரவர் முழுப் பெயர் இருந்தது. இருந்திருக்கக் கூடாது, எண் இருந்திருக்க வேண்டும். இதைக் கட்டியவர் எனக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர். இணைய முகவரியில் சாய்கோடு என்பது ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகிற குறி. அதனால் பெயருக்குள் வரும் சாய்கோட்டை %2F என்று மாற்றி அனுப்புவார்கள். ஜாவா சர்வர் சாதாரணமாக இந்த %2F-ஐ ஏற்காது. அவர் அதை ஏற்கச் சொல்லி ஒரு வரி எழுதி வைத்திருந்தார். ஏன் எழுதினார் என்று எங்கேயும் குறிப்பு வைக்கவில்லை. நான் முன்னால் கொண்டுவந்து நிறுத்திய வெப் சர்வரும் அதே போலத்தான்: வேறு மாதிரி சொல்லாவிட்டால், %2F உள்ள முகவரியைப் பார்த்தவுடன் 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். நான் வேறு மாதிரி சொல்லவில்லை.

திருப்பி அனுப்பியது முன்னால் நிற்பது. பின்னால் இருப்பதற்கு யாரும் வந்ததே தெரியாது. தொழிலாளர் பட்டியல் பின்னால் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நாற்பத்தொரு பேருக்கும் நேராக ஒரே சொல்தான்: பதிலில்லை.

சோதித்த மூன்று பெயர்களைச் சொல்கிறேன். பக்கத்து மேசை ஹஸ்லினாவுடையது. அதில் மகள் என்பதற்கு 'பிந்தி' என்று வரும், இடைவெளி மட்டும்தான், சாய்கோடு இல்லை. எங்கள் மேலாளருடைய சீனப் பெயர். பிறகு என்னுடையது. 'மலாய், சீனம், தமிழ் மூன்று வகைப் பெயர்களும் சோதிக்கப்பட்டன' என்று குறிப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஹஸ்லினா பார்த்தாள், மேலாளர் பார்த்தார். தமிழ்ப் பெயர் விஷயத்தில் அவர்கள் ஏன் சந்தேகப்பட வேண்டும்? தமிழச்சியே பார்த்திருக்கிறாள்.

*

பத்மா அக்காவின் முழுப் பெயர் பத்மாவதி a/p ரெங்கசாமி. கூலிமுக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்றில், மகள் துளசியோடு இருக்கிறார். பின்னறை எனக்கு. அக்கா ஒன்பது வருடமாக அந்தத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். ஒன்பது வருடமும் ஒப்பந்தம். இடையில் ஏஜென்ட் நான்கு முறை மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் அக்காவின் சர்வீஸ் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும். ஒன்பது வருடம் வேலை செய்தவர், காகிதத்தில் போன பிப்ரவரியில் சேர்ந்தவர்.

இந்தத் தொழிற்சாலை நிற்கும் நிலம் முன்பு ரப்பர்த் தோட்டம். அக்கா பிறந்தது அங்கேதான். அதைப் பற்றிப் பெரிதாகப் பேசமாட்டார். ஒருமுறை மட்டும், "எங்க வீடு இருந்த எடத்துல இப்ப மோட்டார் நிப்பாட்டுறானுங்க. நல்ல வேளை, கேன்டீன் கட்டல" என்றார். மோட்டார் என்றால் இங்கே மோட்டார் சைக்கிள்.

நிரந்தரம் ஆவதற்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு வருகிற ஜூலையில் நாற்பத்தைந்து முடிகிறது. இந்த லிங்க் வந்த அன்று துளசிக்கு முன்னால் என்னிடம்தான் காட்டினார். "பாரு ஆந்திரா, என் பேரு போட்டு அனுப்பியிருக்கானுங்க. முழுப் பேரு!"

முழுப் பேரு. நான் அதைப் பார்த்தேன். வாழ்த்துச் சொன்னேன்.

உடனே அழுத்தியிருக்கலாம். துளசி வீட்டுக்கு வரட்டும், அவள் படித்துப் பார்க்கட்டும், தப்பாக எதையாவது அழுத்திவிடக் கூடாது என்று வைத்திருந்தார். துளசி சுங்கை பட்டாணியில் தங்கிப் படிக்கிறாள். வியாழன் சாயங்காலம்தான் வருவாள். அவள் வந்து அழுத்தியபோதுதான் பக்கம் திறக்கவில்லை.

"ஃபோன் ரோசாக்கா, என்னா லா இது?" என்று அக்கா என்னிடம் கொண்டுவந்தார். ரோசாக் என்றால் கெட்டுப்போனது. நான் திரையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் முடிகிற என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இந்த வருடமும் என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலைக்கு வார விடுமுறை கிடையாது; வெள்ளி காலை ஷிப்டுக்குப் போகுமுன் அக்கா மறுபடி ஒருமுறை முயன்றிருக்கிறார். கம்பெனி பஸ் ஓடும் நேரத்தில் இரண்டு முறை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை. கடைசியாக நாலு ஐம்பத்தாறுக்கு. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்வரின் பதிவுகளில் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் அவர் பெயர், நடுவில் %2F, கடைசியில் 404, அதாவது 'அப்படி ஒரு பக்கம் இல்லை'.

*

சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் பதினொரு நிமிடம்.

முதலில் வெப் சர்வரிடம் அந்தக் குறியை அனுமதிக்கச் சொன்னேன். அனுமதித்தது, ஆனால் பின்னால் அனுப்பும்போது, %2F-இல் உள்ள விழுக்காட்டுக் குறியையும் ஒருமுறை மாற்றி %252F ஆக்கிவிட்டது. ஜாவா சர்வருக்கு அது வேறு யாருடைய பெயரோ. பிறகு, வந்ததை வந்தபடியே ஒப்படை, நீயாகத் திருத்தாதே என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தேன். பத்மாவதி a/p ரெங்கசாமியின் பக்கம் திறந்தது. 'வாய்ப்பின் காலம் முடிந்துவிட்டது' என்று மலாயில் எழுதியிருந்தது.

மேலாளரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், கத்தவில்லை. தொழிற்சாலையின் தலைமை அலுவலகத்துக்கு எழுது என்றார். தலைமை அலுவலகம் கோலாலம்பூரில். அங்கே ஞாயிறு விடுமுறை. வெள்ளி ஐந்து மணி என்று கடைசி நேரம் வைத்ததும் அவர்கள்தான். அவர்களுக்கு வெள்ளி வேலை நாள்.

நாற்பத்தொரு பெயர்கள், வந்த நேரம், எத்தனை முறை வந்தார்கள், எல்லாவற்றையும் அட்டவணை போட்டேன். தவறு தொழிலாளர்களுடையது அல்ல, அமைப்பில் நான் செய்தது என்று எழுதினேன். மேலாளர் அந்த வரியை அடித்துவிட்டு, 'பயனர் பெயர்களில் இருந்த சிறப்பு எழுத்துகளால் ஏற்பட்ட தடை' என்று மாற்றினார்.

"பெயரை அவங்க டைப் பண்ணல சார். அடையாள அட்டையில் இருந்து நாம எடுத்தது" என்றேன் ஆங்கிலத்தில்.

"உன் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கு, இல்லையா?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

*

அன்று சாயங்காலம் அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அன்று வகுப்பில்லாமல் வீட்டிலேயே இருந்த துளசி சோபாவில் ஃபோனோடு.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சாப்புட்டுச் சொல்லு லா. மீனு கருகுது."

"லிங்க் விஷயம்."

அடுப்பை அணைத்தார்.

"உங்க ஃபோன்ல தப்பு இல்லக்கா. உங்க பேர்ல a/p நடுவுல ஒரு கோடு இருக்குல்ல. முன்னாடி நிக்கிற சர்வர் அந்தக் கோட்டைப் பார்த்துட்டு உங்களைத் திருப்பி அனுப்பிடுச்சு. உள்ள இருந்ததுக்கு நீங்க வந்ததே தெரியல."

"ஜாகா மாதிரியா? கேட்டுலயே நிப்பாட்டிட்டான்?"

ஜாகா என்றால் காவலாளி. "ஆமாக்கா."

"அந்த ஜாகாவ யாரு வெச்சா?"

"நான்தான்."

துளசி ஃபோனைக் கீழே வைத்தாள்.

"வெச்சா உங்க ஆபீஸ்ல டெஸ்ட் பண்ண மாட்டாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"பண்ணேன்க்கா."

"யாரு பேரு போட்டு?"

"என் பேரு."

துளசி சிரித்துவிட்டாள். "மா, சங்கீதா அக்காவுக்குத்தான் a/p இல்லியே."

"அவளுக்கு இல்ல." அக்கா என்னைப் பார்க்காமல் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார். அதன் கதவில் காந்தம் வைத்து மின்சார பில் ஒட்டியிருந்தது. அக்காவின் முழுப் பெயர், a/p-யோடு, பெரிய எழுத்தில். "எனக்கு இருக்குன்னு தெரியாதா இவளுக்கு? தெனமும் இதத் தொறந்துதானே பால் எடுக்கறா?"

நான் எதிர்பார்த்து வைத்திருந்த கேள்விகளில் இது இல்லை.

"நீ தமிழ்ப் புள்ள. அதுவும் ஊர்லேருந்து வந்தவ. மத்தவன் மறந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் லா" என்றார். பிறகு அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

துளசிதான் பேச்சை மாற்றப் பார்த்தாள். அவள் கல்லூரியில் பெயர் கொடுக்கும்போதே சாய்கோட்டை எடுத்துவிட்டாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "போத்தோங் ஜே லா, மா. வெட்டிடு. நான் எப்பவோ விட்டுட்டேன். ஃபார்ம்ல அது ஒரே தொல்ல."

"ஐசில இருக்கே. வெட்டுனா ஐசியோட பேரு ஒட்டுமா?"

"சமாளிச்சுக்கலாம் மா."

"உங்க அப்பா பேரையும் வெட்டிட்டியா, அது மட்டும் இருக்கா?"

துளசி ஃபோனை எடுத்துக்கொண்டாள்.

*

எங்கள் வீட்டு ரேஷன் அட்டையில் ஒருமுறை அப்பாவின் பெயர் 'பான்னுச்சாமி' என்று அச்சாகி வந்தது. பொ-வின் கொம்பு காணாமல் போயிருந்தது. அந்தக் கொம்பைத் திரும்ப வாங்க அப்பா தறியை நிறுத்திவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நடந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். 'நீங்கள்தான் அந்தப் பொன்னுச்சாமி என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டார்கள். ஆதாரமாக அவர் கொண்டுபோன எல்லாவற்றிலும் பொன்னுச்சாமி என்றே இருந்தது. பான்னுச்சாமி என்பவர்தான் அவர் என்று எதிலும் இல்லை. கம்ப்யூட்டரில் தட்டியவர் யாரென்று அப்பா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன். அந்த ஆள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று சொன்னபோது நானும் அதைத்தான் மனதில் வைத்திருந்தேன்: கவனமாக இருப்பேன்.

புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். நாற்பத்தொரு பேரும் பக்கத்துக்கு வர முயன்றதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் 'சம்மதம்' என்பதை அழுத்த வந்தார்களா, 'விருப்பமில்லை' என்பதை அழுத்த வந்தார்களா என்பதற்குப் பதிவு இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆகவே பதிலில்லை என்பதே நிலைக்கும். இடங்கள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டன. இனிவரும் காலங்களில், இத்தகைய பெயருள்ளவர்கள் அந்தக் குறியை விட்டுவிட்டுப் பதிவு செய்யும்படி அறிவுறுத்தவும்.

நாலு ஐம்பத்தாறுக்கு ஒரு பெண், விருப்பமில்லை என்று சொல்வதற்காக அன்றைக்கு ஐந்தாவது முறையாகக் கதவைத் தட்டியிருக்கலாம் என்கிறார்கள். இதற்கு மூன்று பதில் எழுதினேன். மூன்றாவதற்கு யாரும் பதில் போடவில்லை.

அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. வேலையில் ஒரு தப்பு என்று மட்டும் சொன்னேன். "அங்கதான் தமிழாளுகளோடயே இருக்கியே, எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கிட மாட்டாங்களா?" என்றார். புரிந்துகொண்டார்கள் அம்மா. அதுதான் சங்கடம்.

*

இன்றைய நிலை இது.

வெப் சர்வரும் ஜாவா சர்வரும் சரியாக வேலை செய்கின்றன. a/l, a/p உள்ள பெயர்கள் தடையில்லாமல் உள்ளே போகின்றன. உள்ளே போய் அழுத்த எதுவும் இல்லை. அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது; வந்தாலும் ஜூலைக்கு முன் வராது. பத்மா அக்காவின் ஒப்பந்தம் ஆறாவது ஏஜென்டுக்கு மாறியிருக்கிறது. சர்வீஸ் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. என் வேலை அனுமதி இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. பின்னறையைக் காலி செய்யச் சொல்லி அக்கா கேட்கவில்லை. நானும் போகவில்லை. காலையில் தோசை எனக்கும் சேர்த்தே இருக்கிறது.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறார். மூன்று வருடம் 'நீ' என்று பேசியவர், இப்போது என்னை 'நீங்க' என்கிறார்.